கண்காட்சிக்கு வராத நோட்டுகள்

நாளைக் காலைதான் கண்காட்சி. நமக்கு இன்றைக்கே உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டது! செருப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எப்படியும் பெயின்ட் ஒட்டத்தான் போகிறது. துப்பட்டா நுனி, வேட்டி நுனியை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வாருங்கள். சென்னையில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை வழியே பஸ்ஸில் போகும்போது ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருப்பீர்களே, அந்தச் சிவப்புக் கட்டடங்களுக்குள்தான் இப்போது நிற்கிறோம். அரசு கவின் கலைக் கல்லூரி. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி. இத்தனை தலைமுறை தாண்டியும் டர்பன்டைன் வாசனை குறையவில்லை.

நாளை வருகிறவர்கள் சுவரில் மாட்டிய ஓவியத்தையும் பீடத்தில் ஏற்றிய சிற்பத்தையும் பார்ப்பார்கள். நாம் தேடி வந்திருப்பது மேசைக்கு அடியிலும் தோள்பைக்குள்ளும் கேன்வாஸைத் தாங்கும் ஈஸலின் காலுக்குப் பின்னாலும் கிடக்கிற, மாணவர்களின் நோட்டுகளை. சிலர் ஸ்கெட்ச் புக் என்கிறார்கள், சிலர் ஜர்னல் என்கிறார்கள். பாதிப் பேருக்கு அது வெறும் ‘என் நோட்டு’. இன்றைக்கு என்ன வரைந்தேன், ஏன் அப்படி வரைந்தேன், எங்கே கைவிட்டுப் போனது, நாளைக்கு என்ன செய்து பார்க்கலாம் என்று படமும் எழுத்துமாகத் தங்களோடு தாங்களே பேசிக்கொள்ளும் நோட்டு. அதைக் காட்டுவதற்குத்தான் இவர்களுக்கு எவ்வளவு கூச்சம்!

முதலில் பெயின்டிங் வகுப்பு. காலை எங்கே வைப்பது என்று பார்த்து வாருங்கள். தரை முழுக்கப் பிதுக்கி எறிந்த டியூப்கள், லின்சீட் எண்ணெய் குடித்த பழந்துணிகள், ஒரு கால் உடைந்து செங்கல் வைத்து நிமிர்த்திய ஸ்டூல். ஜன்னல் ஓரத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றில் டீ, இன்னொன்றில் பிரஷ் கழுவிய தண்ணீர். இரண்டும் ஒரே நிறம். “பாத்து எடுங்கக்கா, போன வாரம் இவன் மாத்திக் குடிச்சிட்டான்” என்று ஒரு பெண் சொல்ல, ‘இவன்’ என்று கை காட்டப்பட்டவர் “ரோஸ் மேடர் கலரு, நல்லாதான் இருந்துச்சு” என்கிறார். வகுப்பே சிரிக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நிலக்கோட்டைப் பக்கம் ஊர். இறுதியாண்டு. ஆள் உயரத்துக்கு நிற்கிற அவருடைய கேன்வாஸில் இரண்டு கைகள். விரலிடுக்கில் வாழைநார், மடியில் மல்லிகை. முகம் இல்லை, முழங்கைக்கு மேல் எதுவுமே இல்லை. ஆனாலும் அந்தக் கைகளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிகிறது. நகக்கண்ணில் நார்ப் பச்சை ஏறி நிற்கிறது. “எங்க அம்மாச்சி” என்கிறார். முகத்தை ஏன் விட்டுவிட்டார்? கேட்டதும் குனிந்து, பைக்குள்ளிருந்து நீளமான சிவப்பு அட்டை நோட்டு ஒன்றை எடுக்கிறார். கடைகளில் கணக்கு எழுதுகிற பேரேடு!

அப்பாவின் கடையில் மிச்சமானதாம். காசு போட்டு ஸ்கெட்ச் புக் வாங்க வேண்டாமே என்று எடுத்துவந்திருக்கிறார். பக்கத்துக்கு நடுவில் கோடு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதல் வாரம் அந்தக் கோட்டைப் பார்த்து எரிச்சல் வந்ததாம். பிறகு அதையே பிடித்துக்கொண்டுவிட்டார். வரவில் அன்றைக்குக் கற்றுக்கொண்டது, செலவில் அன்றைக்குப் போனது. ஒரு பக்கத்தைப் படிக்க விட்டார். வரவு: நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பச்சைக்குள் துளி சிவப்பு போதும். செலவு: வெள்ளை டியூப் பாதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் அழுகை.

இப்படி ஒரு கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை!

இன்னும் சில பக்கம் தள்ளினால் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பாட்டி. திண்ணையில் பாட்டி, சந்தையில் பாட்டி, விளக்கடியில் பாட்டி. போகப் போகப் பாட்டி பெரிதாகிறார், முகம் கட்டத்துக்கு வெளியே நகர்கிறது, கடைசிக் கட்டத்தில் கைகள் மட்டும். பக்கத்தில் பென்சிலில் இரண்டு வரி: “முகம் இருந்தால் எல்லோரும் பாட்டியைப் பார்த்துப் பாவம் என்கிறார்கள். அவள் வேலையைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்.” அந்த வரி எழுதிய ராத்திரிதான் ஓவியம் பிறந்தது. கேன்வாஸ் வந்தது அதற்கும் பல வாரம் கழித்து.

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போக, உள்ளங்கையை விரித்து மூடிவிட்டார். “அது வேணாம்கா.” சரி, வேண்டாம்.

இதே கல்லூரியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1963-ல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் இயற்கணித எழுத்துகளும் ஜியோமிதிக் கோடுகளும் நிறைந்த அந்தப் பக்கம் தனக்கு ஒரு புது வழியைத் திறந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று புகழ்பெற்ற ஓவிய வரிசை அங்கிருந்துதான் தொடங்கியது. இந்தச் சேதியைப் பேரேட்டுக்காரியிடம் சொன்னேன். “நெசமாவா?” என்று கேட்டுவிட்டு, சிவப்பு அட்டையில் ஒட்டியிருந்த பெயின்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே வாருங்கள், சிற்பத் துறைக்குப் போகலாம். சுத்தியல் சத்தம் கேட்கிறதா? இங்கே எல்லோர் தலையிலும் பிளாஸ்டர் தூள், இருபது வயதில் எல்லோருக்கும் நரை. ஈரச் சாக்கும் பாலிதீனும் போர்த்தி வரிசையாக நிற்கிற உருவங்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் ராத்திரி வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தங்கள் சிலைக்குத் தண்ணீர் தெளித்துப் போர்த்திவிட்டுத்தான் போவார்கள். ஒருவர் சிலைக்கு “குட் நைட்ரா” சொல்லிவிட்டுப் போவாராம். யார் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பக்கம் கை நீட்டுகிறார்கள்.

கடலூர்ப் பையன் ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவருகிறார். கொண்டுவருகிறார் என்பதைவிடத் தூக்கிவருகிறார் என்று சொல்ல வேண்டும், அவ்வளவு களிமண் ஏறியிருக்கிறது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொறுமொறுக்கின்றன. “எனக்கு எழுத வராதுக்கா. சார் ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுனா போதும்னாரு.” அந்த ஒரு வரிகளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு நாள்: “இன்னைக்கு ஒண்ணும் வரல.” மறுநாள்: “இன்னைக்கும்.” அதற்கு அடுத்த நாள்: “கழுத்து ஏன் சரியா வரலன்னா, நான் கழுத்தப் பாக்கல. கழுத்துன்னு நான் நெனச்சுக்கிட்டதப் பாத்துட்டு இருந்தேன்.”

எழுத வராதாம்! அந்த வரியை நான் இரண்டாம் முறை சத்தமாகப் படித்தேன், பக்கத்தில் உளி பிடித்திருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை முதல்வராக இருந்த இடம் இது. பாறையைப் பெயர்க்கும் அந்த நான்கு பேரின் முதுகுத் தசையைப் பார்க்கிற நமக்கு, அதற்கு முன்னால் எத்தனை மண் கழுத்துகள் உடைத்துப் போடப்பட்டிருக்கும் என்று தோன்றுவதே இல்லை. ஜெர்மனியின் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் விஷயத்தில் அப்படி உடைந்தவற்றைத் தெரிந்துகொள்ளும் அதிர்ஷ்டம் நமக்கு இருக்கிறது. அவருடைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போர்முனையில் இறந்தான். அவனுக்காக நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கினார், ஒரு வடிவத்தைக் கைவிட்டார், மறுபடி தொடங்கினார். துயரத்தில் மண்டியிட்ட தாய் தந்தை சிற்பங்கள் பெல்ஜியத்தில் வைக்கப்பட்டபோது 1932 ஆகிவிட்டது. இடையில் இருந்த அத்தனை தயக்கமும் அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. கடலூர்ப் பையன் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் “பதினெட்டு வருஷமா?” என்று மட்டும் கேட்டார்.

பிரின்ட்மேக்கிங் அறைக்குள் நுழைந்தாலே கை கறுத்துவிடும், எதையும் தொடாமல் வாருங்கள். இங்கே எல்லாமே இடவலம் மாறி வரும். லினோவில் செதுக்கியது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். அது தெரிந்தும் ஒரு மாணவி தன் ஊர்ப் பெயரை ஆசை ஆசையாக நேராகவே செதுக்கி அச்சடித்துவிட்டார். அந்த முதல் அச்சு குப்பைக்குப் போகவில்லை, நோட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. கீழே “லியனார்டோவும் இப்படித்தான் எழுதினார்” என்று பெருமையாக ஒரு குறிப்பு. உண்மைதான், லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகள் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்துப் படிக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கின்றன. தோழிகள் செல்போனின் செல்ஃபி கேமராவைத் திருப்பி அந்த ஊர்ப் பெயரைப் படித்துக் காட்டுகிறார்கள். எனக்கும் ஒரு முறை!

செராமிக் துறையில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை, சூளைச் சூடு தாங்காது. ஆனால் நோட்டு இல்லாமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாதவர்கள் இவர்கள்தான். பூசும்போது ஒரு நிறம், வெந்து வந்தபின் வேறு நிறம். ஒரே தாமிரம் காற்று தாராளமாக இருக்கும் சூளையில் பச்சையாகும், ஆக்சிஜன் குறைந்த சூளையில் சிவப்பாகும். எழுதி வைக்காவிட்டால் அந்தச் சிவப்பு திரும்ப வரவே வராது. கட்டை விரல் அளவு மாதிரி ஓடுகளும் அவற்றின் பின்னால் எண்களும் நோட்டில் அதே எண்களுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் எண்ணுக்கு எதிரே “அழகு!!! எப்படி வந்ததென்று தெரியவில்லை!!!” என்று எழுதியிருந்தது. அந்த ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே அழகு.

இவர்களில் பலருக்கு நோட்டின் பாதிப் பக்கங்கள் இந்த வளாகத்துக்கு வெளியேதான் நிரம்புகின்றன. விடியற்காலையிலோ ராத்திரியிலோ எழும்பூர் ரயில் நிலையத்துக்கோ சென்ட்ரலுக்கோ போய்ப் பாருங்கள். நடைமேடை ஓரத்தில் சம்மணமிட்டு நாலைந்து பேர் வரைந்துகொண்டிருப்பார்கள். மாதங்களாக அல்ல, தலைமுறைகளாக நடக்கிற பழக்கம் இது. தூங்குகிறவர் புரண்டு படுத்துவிடுவார், டீ குடிப்பவர் குடித்து முடித்துவிடுவார், ரயில் ஏறியவர் ரயிலோடு போய்விடுவார். அதனால் பக்கம் முழுக்கப் பாதி மனிதர்கள். ஒரு காது, ஒரு தோள், மூட்டையைப் பிடித்த கை. முதலாண்டுப் பையன் ஒருவர் அப்படி நின்றுபோன ஒவ்வொரு படத்துக்குக் கீழும் படத்தில் இருப்பவர் ஏறிய வண்டியின் பெயரை எழுதியிருக்கிறார்: முத்துநகர், பாண்டியன், ராக்ஃபோர்ட். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், “தம்பி, மூக்கு கொஞ்சம் பெருசா போச்சே” என்றாராம். அதையும் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். மறுநாள் வரைந்த மூக்குகள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

1960-களில் இங்கே படித்த கே.எம்.ஆதிமூலத்தை எல்லா முதலாண்டு மாணவர்களும் எப்படியாவது ஒரு முறை தங்கள் நோட்டில் பின்பற்றிப் பார்த்துவிடுகிறார்கள். அவருடைய காந்தி கோட்டோவியங்களும், ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்தவையும் நம் வீடுகளுக்கே வந்தவை. அந்தக் கோட்டின் வேகம் ரயில் ஏறப் போகிறவரை வரைந்து வரைந்து வருகிற வேகம் என்று ஒரு சீனியர் அண்ணா ஜூனியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன்.

இப்போது உட்காருங்கள், இந்த வளாகத்தின் ஆகப்பெரிய ரகசியத்தைச் சொல்கிறேன். டீ வந்துவிட்டது, பன்னும் வந்துவிட்டது. ஒரு மாணவர் பருவம் முழுக்க நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரி விடுதியில் நண்பர்கள் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். நீலப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில் என்று மாற்றி மாற்றி எழுதினார்கள். பழைய தேதிகள் போட்டார்கள். டீ டம்ளரை அங்கங்கே வைத்து வட்டக் கறை உண்டாக்கினார்கள். ஒருவர் பக்க முனைகளை மடித்து மடித்து நீவி, நோட்டுக்கு வயசு ஏற்றினார். விடியும்போது மூன்று மாத நோட்டு தயார். மறுநாள் சார் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: “மூணு மாசத்துல ஒரு தடவைகூட நீ மனச மாத்திக்கலையாப்பா?”

எவ்வளவு பெரிய கேள்வி! தேதியிலும் பேனாவிலும் கறையிலும் பிடிபடாத பொய், அங்கே பிடிபட்டுவிட்டது. நிஜமான நோட்டில் திங்கட்கிழமை தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடியதை வியாழக்கிழமை அடித்துவிட்டிருப்பார்கள். கேள்வி கேட்ட சார் திட்டவில்லை. “நேத்து ராத்திரி என்ன நடந்துச்சோ அத எழுதிட்டு வா” என்று அனுப்பிவிட்டார். மாணவர் எழுதினார். தூங்கி விழுந்த நண்பர்களின் முகங்களையும் டம்ளர்களையும் குண்டு பல்ப் வெளிச்சத்தையும் படமாகவும் போட்டார். அந்த ராத்திரிதான் இப்போது பெரிய கேன்வாஸாகி, நாளைக்குச் சுவரேறப் போகிறது. ஆறு பேர், ஒரு விளக்கு, நடுவில் ஒரு நோட்டு. நாளை பார்க்கிறவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நமக்குத் தெரியும்!

அந்த மாணவருக்கு ஆறுதலாக நான் டெலக்ரூவாவைப் பற்றிச் சொன்னேன். பிரான்ஸின் அந்தப் பெரும் ஓவியர் 1822-ல் 24 வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர், இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி ஒழுங்காக எடுத்தது 1847-ல். அதன்பின் 1863-ல் இறக்கும் காலம் வரை எழுதினார். இன்றைக்கு ஓவியர்கள் எழுதியவற்றிலேயே தலைசிறந்ததாகக் கொண்டாடப்படுகிறது அந்த நாட்குறிப்பு. இருபது வருடத்துக்கும் மேல் இடைவெளி விட்டவரையே நோட்டு மன்னித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது, மூன்று மாதம் என்ன?

அந்தக் கேள்வி கேட்ட சாரிடம் போய், இத்தனை நோட்டுகளையும் எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். மேசையில் குட்டிச் சுவராக அடுக்கியிருந்தது. படம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லையாம். ‘ஏன்’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்ப்பாராம். அழகுக்காக ஒட்டிய பூ, கலர் டேப், வளைத்து வளைத்து எழுதிய தலைப்பு எதற்கும் மதிப்பெண் கிடையாது. இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தையாவது அவர் படிக்க வேண்டாம் என்றால் மாணவர்கள் அதைப் பாதியாக மடித்துவிடலாம். மடித்த பக்கத்தை அவர் பிரிப்பதில்லை. ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினார், முக்கால்வாசியும் மடிப்பு. “இந்தப் பொண்ணு ரொம்ப நல்லா வருவா” என்றார்.

இருட்டிவிட்டது. மாட்டும் வேலை மும்முரம். ஆணி கேட்கிறார்கள், நூல் கேட்கிறார்கள், செல்போனைச் சட்டத்தின் மேல் வைத்து மட்டம் பார்க்கிறார்கள். “லெஃப்ட் எறக்கு… எறக்கு… ஐயோ ரொம்ப எறங்கிருச்சு!” யாரோ பரோட்டா பொட்டலத்தைப் பிரிக்க, வார்னிஷ் வாசனையும் சால்னா வாசனையும் கலக்கின்றன. பேரேட்டுக்காரியின் கைகள் சுவரேறிவிட்டன. அவற்றுக்குக் கீழே ஒரு சண்டை. பேரேட்டையும் ஒரு மேசை போட்டு வைக்கலாம் என்கிறார் ஒரு தோழி. “எல்லாரும் பொரட்டுவாங்கடி” என்கிறார் இவர். வைத்தால்தான் அம்மாச்சி ஏன் முகமில்லாமல் இருக்கிறார் என்று புரியும் என்கிறார் டீக்குப் பதில் ரோஸ் மேடர் குடித்தவர். கடைசியில் ஒரு தீர்ப்பு வந்தது: மேசை கிடையாது, பையிலேயே இருக்கும். ஆனால் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்.

எனக்கு அது சரியான தீர்ப்பாகத்தான் படுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கென்று எழுத ஆரம்பித்தால் ‘கொஞ்சம் அழுகை’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

எனவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னையோ கும்பகோணமோ, கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சி எங்கே நடந்தாலும் போங்கள், அனுமதிச்சீட்டு இல்லையே என்று தயங்காதீர்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பிடித்த படத்துக்குப் பக்கத்தில் பதற்றத்தோடு நிற்கிற பிள்ளையிடம் “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், “இதுக்கு நோட்டு வெச்சிருக்கியாப்பா, பாக்கலாமா?” என்று கேளுங்கள். கொடுத்தால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குங்கள். மடித்திருக்கும் பக்கத்தைப் பிரிக்காதீர்கள்.